ஐயா கொடுத்தது

அவர் வருகிற நாளில் எங்களுக்குப் பாடம் கிடையாது. காலையிலேயே வாத்தியார் பிரம்பை மேசைக்குள் வைத்துவிட்டு, எங்களை வரிசையாக நிற்க வைத்து ஒத்திகை பார்ப்பார். ஒரு சிலேட்டைத் தூக்கிப் பிடிப்பார்.

"இது யார் கொடுத்தது?"

"ஐயா கொடுத்தது!"

பெஞ்சைத் தட்டுவார். கரும்பலகையைக் காட்டுவார். மணியை ஆட்டுவார். ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான். "'ஐயா'வை இன்னும் கொஞ்சம் இழுத்துச் சொல்லுங்க. எழவு வீட்டுல சொல்ற மாதிரி இருக்கு" என்று வாத்தியார் திருத்துவார். பாவம், அவருக்குச் சம்பளமும் ஐயா கொடுத்ததுதான்.

பிறகு கார் வந்து நிற்கும். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் கழற்றாத கறுப்புக் கோட்டு, அதில் தங்கப் பொத்தான்கள், ஜரிகைத் தலைப்பாகை, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. உள்ளே வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் சிலேட்டைத்தான் தூக்குவார். நாங்கள் கத்துவோம். எங்கள் பதிலைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பாயசம் குடிக்கிறவர் முகம் போல இருக்கும். எங்களில் யாருக்கு எழுதத் தெரியும், யாருக்குக் கணக்கு வரும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்தேன். ஆறு வருஷமும் அவர் கேட்ட கேள்வி அந்த ஒன்றுதான்.

மலாயாவில், சிகாமட் பட்டணத்தில் அவருக்குப் பெரிய மளிகைக் கடை இருந்தது. சுற்றுவட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் அரிசியும் பருப்பும் அங்கிருந்துதான் போகும். தோட்டங்களின் கள்ளுக்கடைக் குத்தகையும் அவர் கையில்தான். செத்துப்போனவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அதிலும் தர்மம் செய்தவரைச் சொல்லவே கூடாது என்பார்கள். அவரைப் புகழ்வதற்கு அவர் காலத்திலேயே நிறையப் பேர் சம்பளத்துக்கு இருந்தார்கள். ஆகவே நான் சொல்வதால் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பள்ளிக்கூடம் வந்த கதை இப்படி. அதற்கு முன் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைதான் பள்ளி. ஒரு பக்கம் தொட்டில்கள், இன்னொரு பக்கம் 'அ, ஆ'. அவர்தான் கட்டடம் கட்டித் தருகிறேன் என்று முன்வந்தார். பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. மரமும் ஓலையும் அவருடையவை. வேலை எங்களுடையது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்து, மத்தியானம் சோறு உண்ட கையோடு எங்கள் அப்பாக்கள் குழி தோண்டினார்கள். அம்மாக்கள் மண் சுமந்தார்கள். என் அம்மா அஞ்சலை வயிற்றில் என் தம்பியோடு மண் சுமந்தாள்.

எங்கே கட்டுவது என்று பேச்சு வந்தபோது, எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினார்கள். அங்கே தண்ணீர் ஏறாது. அவர் சம்மதிக்கவில்லை.

"மேட்டுல கட்டினா யாருக்குத் தெரியும்? ரோட்டோரமாக் கட்டுங்க. ரயிலுக்குப் போறவன், வர்றவன் எல்லாம் பாக்கணும்."

"ஆத்துத் தண்ணி வருங்களே ஐயா" என்றார் என் அப்பா.

"தண்ணி ஆறு வருஷத்துக்கு ஒரு நாள் வரும். மனுஷன் தினம் வருவான்."

அதனால் பள்ளிக்கூடம் பள்ளத்தில் எழுந்தது. வாசலில் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த சலவைக்கல் பதித்தார்கள். அதில் அவர் பெயர், அவர் தகப்பனார் பெயர், தோட்டத்துத் துரையின் பெயர். அந்தக் கல் எங்கள் கரும்பலகையைவிடப் பெரியது. திறப்பு விழாவில் துரை ரிப்பனை வெட்டினார். அம்மா கல்லைப் பார்த்துவிட்டு, எழுத்து தெரியாததால் வாத்தியாரிடம் கேட்டாள்:

"மண்ணு சுமந்தவங்க பேரு எந்தப் பக்கம் போட்டிருக்கு?"

வாத்தியார் சிரித்தார். அம்மா நிஜமாகவே கேட்டாள் என்பது அவருக்குப் புரியவில்லை.

ஒரு முறை ஐயா கிணற்றைக் காட்டிக் கேட்டுவிட்டார். ஒத்திகையில் கிணறு இல்லை. எல்லாரும் தயங்கினோம். மாரி என்ற சின்னப் பெண் மட்டும் கையைத் தூக்கி, "எங்கப்பா தோண்டினது" என்றாள். வாத்தியாருக்கு வியர்த்துவிட்டது. ஐயா கோபப்படவில்லை. மாரியின் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரப் பொண்ணு" என்றார். அடுத்த மாதம் கிணற்றுச் சுவரிலும் அவர் பெயர் ஏறியது.

அவர் சொன்ன ஆறு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மழைக்காலத்தில் ஆறு கரை புரண்டது. நாங்கள் வகுப்பில் இருந்தபோதே தண்ணீர் வாசலைத் தாண்டி வந்துவிட்டது. வாத்தியார் பெஞ்சின் மேல் பெஞ்சை அடுக்கி எங்களை ஏற்றினார். தண்ணீர் என் இடுப்புக்கு வந்தபோது ஜன்னல் வழியாக ஒரு சம்பான் படகு தெரிந்தது. பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து வந்தவர், பாக் மாட் என்பார்கள். அவர் துடுப்பை ஜன்னலில் முட்டுக்கொடுத்து நிறுத்திக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகத் தூக்கிப் படகில் போட்டார்.

அதே நேரத்தில் ரயில்பாதைக் கரைமேட்டில் ஐயா வந்து நின்றார். குடை பிடிக்க ஒரு ஆள், பக்கத்தில் கணக்கெழுதும் கிராணி. பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகை பிய்ந்து மிதந்து போய்க்கொண்டிருந்தது. அவர் கைத்தடியை நீட்டிக் கத்தினார்:

"பலகை! பலகை போகுது! அதைப் பிடி!"

பாக் மாட் திரும்பிப் பார்த்தார். "ஓராங் டுலு, தவுக்கே" என்றார். ஆள்தான் முதலில், முதலாளி. சொல்லிவிட்டு மாரியைத் தூக்கிப் படகில் வைத்தார்.

பலகை போயே போய்விட்டது. எங்களில் யாரும் போகவில்லை. அந்த மாதமே பட்டணத்தில் நடந்த கூட்டத்தில், வெள்ளத்தில் தவித்த பிள்ளைகளைத் தன் உயிரையும் பொருட்படுத்தாமல் காப்பாற்றிய கதையை ஐயா சொன்னாராம். பாக் மாட்டிடம் யாரோ இதைச் சொன்னபோது அவர், "நல்லா நீந்துவாரோ?" என்று கேட்டாராம்.

வெள்ளத்துக்குப் பிறகு ஐயா விதவைகளுக்குச் சேலை கொடுத்தார். அதற்குப் பட்டணத்திலிருந்து ஒரு சீனப் புகைப்படக்காரரை அழைத்து வந்தார். விதவைகளில் முதலாவதாகக் கன்னியம்மாவைக் கூப்பிட்டார்கள். கன்னியம்மா எங்கள் லயத்தில் கடைசி வீடு. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும் மனுஷி. அவள் கை நீட்டினாள், ஐயா கொடுத்தார். புகைப்படக்காரர் தலையை ஆட்டினார், படம் சரியில்லை. சேலையைத் திரும்ப வாங்கி மறுபடியும் கொடுத்தார்கள். இந்த முறை ஐயா கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது தடவை எல்லாம் சரியாக வந்தது.

"அவ்வளவுதான்மா, போ" என்றார் கிராணி.

கன்னியம்மா நகரவில்லை. "மூணு தடவை வாங்கினேன் சாமி. மத்த ரெண்டு சேலை எங்க?"

லயமே சிரித்தது. ஐயாவும் சிரித்தார், படம்தான் எடுத்தாயிற்றே. அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்தில் அவர் கடையில் வெகுகாலம் தொங்கியது. அரிசி வாங்கப் போனால் கன்னியம்மா தன்னையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் எழுதும்போது நான் ஏதோ அன்றைக்கே அவரைச் சரியாக எடை போட்டுவிட்டவள் போலத் தோன்றலாம். அப்படி இல்லை. நான் அவருடைய செல்லப்பிள்ளை. எனக்குக் குரல் நன்றாக இருந்தது, பாட்டு சட்டென்று மனப்பாடமாகும். வாத்தியார் அவர்மேல் எழுதும் வாழ்த்துப்பாக்களை நான்தான் பாடுவேன். அவரைச் சூரியன் என்றும், கார்மேகம் என்றும், கற்பகத்தரு என்றும் பாடியிருக்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ரிப்பனோ, ஒரு டப்பா மிட்டாயோ கிடைக்கும். மற்றப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி மெதுவாகத் தின்பேன்.

எனக்குப் பதின்மூன்று வயது ஆனபோது ஜொகூர் பாருவில் அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஏழைகளின் கல்விக்கு உழைத்ததற்காகப் பொற்பதக்கம். நான் வந்து பாட வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அவர் மனைவியும் வருவதால் அம்மா அனுப்பச் சம்மதித்தாள். எனக்குப் பட்டுப்பாவாடை, வாழ்க்கையில் முதல் முறையாகச் செருப்பு. ரயிலில் அந்த அம்மாள் எனக்குத் தலை பின்னிவிட்டார். அதிகம் பேசாதவர். பின்னிக்கொண்டே, "உனக்கு முடி அம்மா மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மண்டபத்தில் கோட்டுப் போட்டவர்களாகவே நிறைந்திருந்தார்கள். நான் பாடி முடித்ததும் கைதட்டல். ஐயா எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். என்னைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

"இந்தக் குழந்தையைப் பாருங்கள்" என்று மேடைத்தமிழில் தொடங்கினார். "தாயுமில்லை, தகப்பனுமில்லை. காய்ச்சலில் இருவரும் மாண்டு, குப்பைமேட்டில் கிடந்த இந்த அநாதையை நான் எடுத்து வளர்த்து, எழுத்தறிவித்து, இன்று உங்கள் முன் நிறுத்தியிருக்கிறேன்."

முன்வரிசையில் ஒரு பெரியவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். ஐயா தொடர்ந்தார். இந்தப் பெண்ணை இங்கேயே கன்னிமாடத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறேன், நாளை இவள் ஆசிரியை ஆவாள் என்றார். மண்டபம் அதிர்ந்தது.

நான் என்ன செய்தேன்? என் அம்மா உயிரோடு இருக்கிறாள், அந்த நேரத்தில் பால் வெட்டிய கையைச் சீமெண்ணெய் போட்டுக் கழுவிக்கொண்டிருப்பாள் என்று சொன்னேனா? இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது கூட்டத்துக்குப் பொருத்தமாக இருந்தது. கைதட்டல் ஓயும் வரை எனக்கு அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. அது எனக்கு மோசமாகவும் இருக்கவில்லை. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்ற சொல் காதில் இனித்துக்கொண்டிருந்தது. அவரை இகழ்கிற உரிமை எனக்கு முழுசாக இல்லை என்பது எனக்குத் தெரியும். இருக்கிற மட்டில் எடுத்துக்கொள்கிறேன்.

முன்வரிசையில் அவர் மனைவி மட்டும் கை தட்டவில்லை, மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் ரயிலில் ஐயா தூங்கிய பிறகு, என் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட சொல்லிடு. மனசுல வச்சுக்காதே. அழுகிப்போயிடும்."

நான் உடனே சொல்லவில்லை. நாலு நாள் வைத்திருந்தேன். அம்மா எனக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். அவள் கை நின்றது. பிறகு, "என்னை என்ன காய்ச்சல்ல கொன்னான்?" என்று கேட்டாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. அவர் பெரும்பாலும் கள்ளுக்கடையில் இருப்பார், அன்று என்னவோ வீட்டில் இருந்தார். "என்னைக் காய்ச்சல்ல கொன்னிருக்க மாட்டான். அவன் கள்ளுலதான் கொன்னிருப்பான்" என்று சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலிருந்து ஓலை வரும் என்று மூன்று மாதம் காத்திருந்தேன். கடைசியில் அம்மா என்னை அழைத்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள். அவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்து அவருக்குத் துளியும் கூச்சமில்லை. செத்தவள் நடந்து வந்து நிற்கிறாளே என்று முகம் ஒரு கணம் மாறியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

"புள்ளைய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல சேக்கறேன்னு சொன்னீங்களாமே ஐயா."

"அடடா. மேடையில பேசறதை எல்லாம் அப்படியே எடுத்துக்கலாமா? பொம்பளப் புள்ள. இங்கிலீஷ் படிச்சா அப்புறம் மாப்பிள்ளை எங்க தேடுவே?"

"மாப்பிள்ளை நான் தேடிக்கறேன். நீங்க பள்ளிக்கூடத்தைச் சொல்லுங்க."

அவர் கடையாளைப் பார்த்து, "இந்தப் புள்ளைக்கு ஒரு பிஸ்கோத்து குடு" என்றார். கடையாள் நீட்டினான். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். சுவரில் கன்னியம்மா மூன்றாவது தடவையாகச் சேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் ரப்பர் விலை விழுந்தது. பாதித் தோட்டத்தை மூடினார்கள். எத்தனையோ குடும்பங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். மிஞ்சியவர்களுக்கு அரைச் சம்பளம். அந்த அரைச் சம்பளமும் வீட்டுக்கு வருவதற்கு முன் கள்ளுக்கடைக்குப் போயிற்று. கடை பள்ளிக்கூடத்துக்கு எதிரிலேயே இருந்தது, ரோட்டோரம், எல்லார் கண்ணிலும் படுகிற இடம். சம்பள நாளில் நாங்கள் வாய்ப்பாடு சொல்லும்போது எதிரில் எங்கள் அப்பாக்கள் பாடிக்கொண்டிருப்பார்கள். சில பிள்ளைகள் பாடம் முடிந்து நேராக எதிரே போய் அப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்கள்.

அம்மாவும் கன்னியம்மாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் சேர்ந்து ஐயாவைப் பார்க்கப் போனார்கள். அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்த நாள் அது. கடையை மூடச் சொல்லவில்லை. சம்பள நாளில் மட்டும் திறக்காதீர்கள், அல்லது தோட்டத்தின் பின்பக்கம் மாற்றுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு வகுப்பறையைக் கைத்தடியால் சுற்றிக் காட்டினார்.

"இந்தப் பள்ளிக்கூடம் எதுல நடக்குதுன்னு நினைச்சீங்க? உங்க வீட்டுக்காரன் குடிக்கிறதுலதான் நடக்குது. அவன் குடிக்கலேன்னா உன் புள்ளைக்குச் சிலேட்டு ஏது?"

அதைச் சொன்னபோது அவர் குரலில் வெட்கமில்லை, பெருமைதான் இருந்தது. ஒரு பெரிய ஏற்பாட்டை விளக்கிச் சொல்கிறவர் போல இருந்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷமும் அந்தச் சிலேட்டைத் தூக்கிக் காட்டி அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் தப்பான பதில் சொல்லி வந்திருக்கிறோம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப இத்தனை நாளும் நாங்கதான் குடுத்திருக்கோம்" என்றாள் கன்னியம்மா.

"என்ன சொன்னே?"

"ஒண்ணுமில்லீங்க ஐயா."

அடுத்த சம்பள நாள் மத்தியானம் கள்ளுக்கடைக்குப் போகிற பாதையில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். கூச்சல் இல்லை, கம்பு இல்லை. ஒவ்வொருத்தியும் தன் புருஷன் வருகிற வழியில் நின்றாள், அவ்வளவுதான். ஆண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊரார் மனைவியை அதட்டலாம், சொந்த மனைவி எதிரே வந்து நிற்கும்போது கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டும். என் அப்பா சாமர்த்தியசாலி. புதர்க்காட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனார். அங்கே அம்மா உட்கார்ந்திருந்தாள். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அவரும் கூடவே வந்தார்.

மூன்று சம்பள நாள் இப்படிப் போயிற்று. நாலாவது சம்பள நாள் வருவதற்குள் ஒரு மாட்டுவண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. பெஞ்சுகளையும் கரும்பலகையையும் மணியையும் ஏற்றினார்கள். பிள்ளைகள் கையில் இருந்த சிலேட்டுகளையும் வாங்கினார்கள். மாரி தன்னுடையதைக் கொடுக்காமல் பாவாடைக்குள் செருகிக்கொண்டாள். வாத்தியார் வண்டியின் பின்னால் நடந்தார். இனி அவருக்கு ஐயாவின் கடையில் சரக்கு எழுதும் வேலையாம். எங்களைக் கடந்து போகும்போது அவர் முகம் மாட்டின் பக்கம் திரும்பியிருந்தது. கதவுக்கு ஒரு பெரிய பூட்டு. சலவைக்கல்லை மட்டும் பெயர்க்க முடியவில்லை. பூட்டிய கட்டடத்துக்கு வெளியே, கல்விக்கண் திறந்த வள்ளல் என்று அது யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் பெண்கள் எங்கள் வீட்டு முன்னால் கூடினார்கள். சில பேர் அழுதார்கள். புருஷன் குடித்தால் குடித்துவிட்டுப் போகட்டும், பிள்ளை படிப்பு போயிற்றே என்று ஒருத்தி சொன்னாள். அதைச் சொல்லாதே என்று யாரும் அவளை அடக்கவில்லை. எல்லார் மனசிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கன்னியம்மாதான் என்னைக் காட்டினாள்.

"இவ ஆறாவது முடிச்சவதானே. இத்தனை பாட்டு பாடினாளே. அந்த வாயால புள்ளைங்களுக்கு அஞ்சு எழுத்து சொல்லித் தரட்டும்."

எனக்குப் பதினாறு வயது. முடியாது என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "ஊருக்கெல்லாம் நீ அநாதைன்னு தெரியும். உன்னை யார் தடுக்கப் போறா?" என்றாள். மூன்று வருஷம் கழித்து அவள் அதைச் சொல்லிக் காட்டியது அந்த ஒரு தடவைதான்.

ரப்பர்த் தகடுகளைப் புகையில் காயவைக்கும் பழைய புகைக்கூடம் ஒன்று மேட்டில் சும்மா கிடந்தது. தோட்டம் பாதி மூடியதால் அதற்கு வேலை இல்லை. துரையிடம் கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டோம். கரி படிந்த சுவர்தான் கரும்பலகை, ஒரு புறமாகக் கூரை பிய்ந்திருந்தது. மாரியின் ஒரு சிலேட்டை இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதினார்கள். எனக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். வாரக்கடைசியில் அது என் வீட்டுப் பானைக்கு வரும். பதினாறு வீட்டு அரிசி, பதினாறு நிறம். பிள்ளைகள் போன பிறகு அம்மாக்கள் வந்து உட்கார்ந்தார்கள். தங்கள் பெயரை எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு 'அஞ்சலை'யில் வரும் 'ஞ்' வருவதற்கு ஒரு மாதம் பிடித்தது. என் மேல் எரிந்து எரிந்து விழுந்தாள். "உன் தாத்தன் இவ்வளவு கஷ்டமான பேரை வச்சிருக்க வேண்டாம்" என்றாள்.

இரண்டு வருஷம் இப்படி ஓடிற்று. பள்ளிக்கு அரசாங்க உதவி கொடுக்கலாமா என்று பார்க்கத் தொழிலாளர் இலாகா அதிகாரி ஒருவர் வரப்போகிறார் என்று சேதி வந்தது. எங்களுக்கு வருவதற்கு முன்பே ஐயாவுக்குப் போயிருக்க வேண்டும். அதிகாரி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது ஐயாவின் கார் மேட்டின் அடியில் வந்து நின்றது. பின்னால் மாட்டுவண்டி நிறையப் புதுத் தகரம். கூரைக்காம்.

அவர் மேடேறி வந்தார். கோட்டு கொஞ்சம் தொளதொளத்திருந்தது. ஜரிகை மங்கியிருந்தது. ஆனால் தகரத்தில் சாயம் மங்கவில்லை. ஒவ்வொரு தகடிலும் சிவப்பு எழுத்தில் அவர் பெயர், ஒரு முழ உயரத்துக்கு.

"எழுத்து உள்பக்கம் வர்ற மாதிரி அடிங்க" என்று கூட வந்த தச்சரிடம் சொன்னார். "படிக்கிற புள்ளைங்க அண்ணாந்து பாத்தா தெரியணும். ஆபீசர் வந்தாலும் கண்ணுல படணும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தகரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றேன். அம்மா என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தாள்.

"மழைக்காலம் வருது. புள்ளைங்க நனையறாங்க. வாங்கிக்க."

"அவர் பேரைத் தலைமேல வச்சுக்கிட்டா?"

"நீ பாடத்தைப் பாரு. கூரையை நான் பாத்துக்கறேன்."

தச்சர் சரக்குச் சீட்டை நீட்டினார். பெண்கள் வழக்கமாகக் கைநாட்டு வைப்பார்கள் என்று மைப்பெட்டியையும் திறந்து வைத்திருந்தார். அம்மா மைப்பெட்டியை மூடிவிட்டு, பென்சிலை வாங்கி, முட்டிக்கால் போட்டு உட்கார்ந்து தன் பெயரை எழுதினாள். 'ஞ்'சில் ஒரு முறை பென்சில் நின்றது. ஐயா பார்த்துக்கொண்டே நின்றார். எழுதி முடித்துச் சீட்டை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைப் படித்தார். ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அம்மா தச்சர் பக்கம் திரும்பிவிட்டாள்.

தச்சர் முதல் தகட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார். "அக்கா, எழுத்து உள்பக்கம்தானே?"

"வெளிப்பக்கம்" என்றாள் அம்மா. "எழுத்து மேல வானத்தைப் பாக்கற மாதிரி அடிங்க."

"ஏய்" என்றார் ஐயா. "உள்பக்கம்னு சொன்னேனே."

அம்மா கையைக் கட்டிக்கொண்டு, மிக மரியாதையாகச் சொன்னாள்: "ஐயா பேரு எங்க எல்லாருக்கும் மேல இருக்கட்டுங்க. உள்பக்கம் இருந்தா சின்னப் புள்ளைங்க பேருக்கு நேரா காலைத் தூக்கிக்கிட்டுப் படுக்கும். மரியாதையா இருக்காது."

கன்னியம்மா, "ஆமாங்க, தப்பாயிடும்" என்றாள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மரியாதை வேண்டாம் என்று ஐயா எப்படிச் சொல்வார்? வாழ்நாளெல்லாம் அதைத்தான் கேட்டு வாங்கியவர். தச்சர் ஆணியை அடித்தார். ஒவ்வொரு தகடாக அந்தச் சிவப்புப் பெயர் எங்கள் கண்ணிலிருந்து மறைந்து மேலே போயிற்று. கடைசித் தகடு ஏறும்வரை அவர் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். நல்ல மழை. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை என்பதை நான் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அண்ணாந்து பார்த்த அதிகாரி வெறும் தகரத்தைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, மாரியை எழுப்பி, ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் அவள் குரல் கேட்கவில்லை. "இன்னும் சத்தமா" என்றேன். அவள் தொண்டை கிழிய வாசித்தாள்.